எனக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியாது

கோபித்துக்கொண்டு லால்குடி அக்கா வீட்டுக்குப் போனவருக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஜன்னல் வழியாக நீங்கள் பார்த்தது என்னைத்தான். அந்த பஸ்ஸை ஸ்கூட்டியில் ஓவர்டேக் செய்ததும் நான்தான்.

ஒன்பது வருடமாக, "எனக்குப் பயமா இருக்குங்க, நீங்களே கொண்டு விடுங்க" என்று நடித்தேன். நீங்கள் ஓட்டக் கற்றுக்கொடுத்த அன்று கீரை வண்டியில் மோதியதுகூட வேண்டுமென்றேதான். கீரைக்காரம்மா பாவம். வீட்டில் உங்கள் முகம் எப்போதும் டிவி பக்கம். ஸ்ரீரங்கத்திலிருந்து என் ஆபீஸ் வரைக்கும் அந்த இருபது நிமிடம்தான் என்னோடு பேசுகிறீர்கள். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அதற்காக என்னை ஏமாற்றுக்காரி என்று நீங்கள் திட்ட முடியாது. நேற்று உங்கள் அக்கா போனில், "தம்பி வச்ச வத்தக்குழம்பு பிரமாதம்மா!" என்றார். தனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதென்று கல்யாணமானதிலிருந்து என்னை நம்பவைத்த அதே தம்பிதானே?

ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நானே ஸ்கூட்டியில் வருகிறேன். பேசாமல் பின்னால் உட்காருங்கள். வீட்டுக்கு வந்ததும் வத்தக்குழம்பு வையுங்கள்.

திங்கட்கிழமையிலிருந்து எனக்கு மறுபடியும் ஓட்டத் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் பின்சீட்டு