ஆயுத பூஜைக்கு அணைத்த மெஷின்

அக்டோபர் 17, 1999. ஞாயிறு.

காலையில் தூறல். தெற்கு மாட வீதியில் பொரி, வாழைக்கன்று, பூசணிக்காய். கூட்டத்தில் குடை தொலைந்தது.

அடையாறு லேபிலிருந்து நசீர் போன். ரத்தப் பரிசோதனை மெஷினைப் பார்த்துக்கொள்பவர். "மேடம், நாளைக்கு பூஜை. கம்ப்யூட்டருக்கும் ரெஸ்ட் குடுக்கணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. அணைச்சுடவா?"

தாராளமாக அணையுங்கள் என்றேன். ஆடி மாதம் நான் லினக்ஸ் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர். அன்று முதல் நிற்காமல் ஓடுகிறது. பரிசோதனை முடிவு கேபிள் வழியாக நேரே திரைக்கு. நசீர் கையால் எழுதுவது ஒழிந்தது. எல்லாம் அடியேன் கைங்கரியம்.

அக். 18. திங்கள்.

தி.நகரில் எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி ஆபீசில் பூஜை. கீபோர்டுக்கெல்லாம் குங்குமம். எம்.டி. பக்கத்தில் வந்து, "அடையாறுல ஒழுங்கா ஓடுதில்ல? அந்த டெவ்எஃப்எஸ்ஸை நெனச்சா எனக்கு இன்னும் பயம்தாம்மா."

எப்போதும் இதே பாட்டு. லினக்ஸில் கேபிள், பிரிண்டர், டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல் வேண்டும். முன்பு நாமே உண்டாக்கி வைக்க வேண்டும். டெவ்எஃப்எஸ் சேர்த்தால் லினக்ஸின் மையமான கெர்னலே உண்டாக்கிக்கொள்ளும். புதுச் சரக்கு. நான்தான் பிடிவாதமாகப் போட்டேன். தகராறு வந்தால் லினக்ஸையே தூக்கிவிடுவேன் என்று அப்போதே சொல்லிவிட்டார்.

சுண்டலில் உப்பு கம்மி.

அக். 19. செவ்வாய். விஜயதசமி.

வந்துவிட்டது தகராறு.

காலையிலேயே போன். கம்ப்யூட்டரைப் போட்டார்களாம், ஒரு முடிவும் திரைக்கு வரவில்லையாம். ஓடினேன். வெறும் வயிற்றோடு சுகர் டெஸ்டுக்கு வந்தவர்கள் வாசல் வரை. டாக்டர் நசீரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். "ஈரத்துணியால தொடைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

நசீர் என் காதில்: "இன்னா மேடம் இது, காஞ்ச துணிதான். கேபிள் மேல சந்தனம் வெச்சது அவங்க. திட்டு மட்டும் எனக்கு கீது."

உண்மைதான். கேபிள் முனையில் அழகாக ஒரு சந்தனப் பொட்டு. சுரண்டி எடுத்தேன். முடிவு வரவில்லை. வேறு கேபிள். வரவில்லை. மெஷினே போச்சு என்றார் டாக்டர்.

எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக நுழைந்து பார்த்தேன். கேபிளில் எண்கள் சரசரவென்று வருகின்றன! லேப் புரோகிராமுக்குத்தான் வரவில்லை. கேபிளுக்கான ஃபைலைப் பார்த்தேன். ரூட்டைத் தவிர யாருக்கும் படிக்க அனுமதி இல்லை.

ஆடியில் அனுமதி கொடுத்தது நான்தான், கையால், ஒரே வரி. ஆனால் டெவ்எஃப்எஸ் உண்டாக்கும் ஃபைல்கள் டிஸ்கில் இல்லை, மெமரியில். அணைத்தால் எல்லாம் போச்சு. மறுபடி எழும்போது கெர்னல் புதிதாக உண்டாக்கும், நான் கொடுத்த அனுமதி அதற்குத் தெரியாது. பூஜை வரை அணைக்கவே இல்லை, அதனால் தப்பு வெளியே வரவில்லை.

டாக்டரிடம் நேராகச் சொன்னேன், தப்பு என்னுடையது, நசீரைத் திட்டாதீர்கள் என்று. அந்த ஒரு வரியைத் திரும்ப அடித்தேன். முடிவுகள் கொட்டின.

எம்.டி. போனில்: "அவ்வளவுதானே? அணைக்காதேன்னு ஒரு சீட்டு ஒட்டிட்டு வந்துடு."

மாட்டேன் என்றேன். சீட்டு ஒட்டித்தான் ஓட வேண்டுமென்றால் நான் எதற்கு?

"சரி, நாளைக்கு ஒரு நாள். அப்புறம் பழைய சிஸ்டம்தான், சொல்லிட்டேன்."

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அக். 20. புதன்.

வெயில். ஆபீஸ் மெஷினில் ஒத்திகை. டெவ்எஃப்எஸ்ஸுக்குத் துணையாக ஒரு புரோகிராம் உண்டு. ஃபைல் உருவாகும்போதே இன்னாருக்கு அனுமதி என்று அதனிடம் எழுதி வைத்துவிடலாம். இரண்டு வரி எழுதினேன். அணைத்தேன், போட்டேன். பலிக்கவில்லை. மறுபடி. ஊஹூம். எம்.டி. குறுக்கும் நெடுக்கும் நடை.

காபி குடிக்கும்போது உறைத்தது. நான் எழுதியது கேபிள் செருகும் போர்ட்டின் பழைய பெயர். டெவ்எஃப்எஸ் வைத்திருப்பது புதுப் பெயர். மாற்றினேன். அணைத்தேன், போட்டேன். அனுமதி தானாக வந்து உட்கார்ந்திருந்தது. எழுந்து ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது. போடவில்லை, எம்.டி. பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அடையாறு. அதே இரண்டு வரி. டாக்டர் முகம் வெளிறி, "மறுபடியும் அணைக்கணுமாம்மா?"

"நீங்களே அணைங்க டாக்டர். நீங்களே போடுங்க. நான் தள்ளி நிக்கறேன்."

அணைத்தார். போட்டார். நசீர் ரத்தக் குழாயை மெஷினில் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். திரையில் வந்தது ஹீமோகுளோபின்.

"சூப்பர் மேடம்!" நசீர்.

டாக்டர் "ம்" என்றார். அவரிடமிருந்து அதுவே அதிகம்.

பஸ்ஸில் ஜன்னல் சீட். அடையாறு பாலம் முழுக்க எனக்குச் சிரிப்பு.

அக். 26. செவ்வாய்.

பலத்த மழை. ஆபீஸ் லீவு. பேப்பரில் இன்றைய மின்தடை: அடையாறு, இரண்டு மணி வரை. லேப் யு.பி.எஸ். அவ்வளவு நேரம் தாங்காது. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும், நான் பக்கத்தில் இல்லை. கரண்ட் வந்ததும் நசீர் போடுவார். அதற்கப்புறம் அது பாடு.

இரண்டரை முதல் போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். டயல் டோன் இருக்கிறது.

அம்மா: "ஆத்துல இத்தனை வேலை கெடக்கு, அதையே பாத்துண்டு உக்காந்திருக்கியே. யார்டி கூப்பிடணும்?"

"யாரும் கூப்பிடக் கூடாதும்மா."

மணி ஐந்து. அடிக்கவில்லை.