பாகற்காய் படைத்த ஆடி அமாவாசை

சுங்கைப் பட்டாணி,
சுபானு வருடம், ஆடி 18

அன்புள்ள தங்கை குணவதிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மகள் புவனமும் இன்றுவரை சுகம். இன்றுவரை என்றுதான் இப்போது எழுத முடிகிறது. கோத்தா கோலா மூடாவிலிருந்து படகில் பினாங்குக்குக் கருவாடு கொண்டுவரும் பிச்சையம்மாளிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கருவாட்டு வாசம் அடித்தால் பொறுத்துக்கொள். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் கடிதம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் லீவு கிடைத்து ஆவணியில் வருகிறாய் என்ற செய்தியும், உன் கோபமும் கிடைத்தன. எழுத்துச் சொல்லிக்கொடு என்று பிள்ளையை விட்டால், ஆறு வயதில் அவளுக்குப் பொய்யைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாயே என்று கேட்டிருக்கிறாய். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரர் மறைத்து வைத்திருந்த ரேடியோவைத் தேடி ஜப்பான் இராணுவப் போலீஸ் வந்தபோது அவர் பின்கதவால் போய்விட்டார். மறுபடியும் வருவார்கள் என்று தெரியும். முதலில் சயாம் ரயில்பாதை வேலைக்குப் போனார் என்றும், பிறகு அங்கே காய்ச்சலில் இறந்துபோனார் என்றும் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அங்கே போய்த் திரும்பாதவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். ஒருவரும் உடலைக் கேட்பதில்லை. ஆனால் பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் கேட்பார்கள் என்று பயந்தேன். அதனால் காலைதோறும் வாய்ப்பாடு போல அதையே சொல்ல வைத்தேன். எண்ணியபடியே ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு ஓர் அதிகாரி வந்து, மிட்டாயை நீட்டி, அப்பா எங்கே என்று கேட்டான். பிள்ளை அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். மிட்டாயை வாங்கி என்னிடம் கொண்டுவந்து தந்தாள். அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, குணவதி. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரர் சிடாம் கிரிப் பக்கம் தம் சிநேகிதர் ராமையா வீட்டில் மரவள்ளி நட்டுக்கொண்டு நலமாக இருக்கிறார். தாடி வளர்த்திருக்கிறாராம். கிழங்கு மூட்டையோடு ராமையாவே வந்து சொல்லிப் போனார். பிள்ளைக்கு இதைச் சொல்லவில்லை.

இனித்தான் நான் எழுத வந்த விஷயம். நேற்று முன்தினம் ஆடி அமாவாசை. எல்லாப் பொய்யையும் கோத்துக் கட்டியவள் அந்த நாளை மறந்துவிட்டேன். தகப்பன் இல்லாத பிள்ளைகள் அன்று படையல் முடியும்வரை சாப்பிடமாட்டார்கள் என்பதை நம் யாழ்ப்பாணத்து ஊரார் யார் மறப்பார்கள்? நான் மறந்தேன். காலையில் கிழங்கை அவித்துத் தேங்காய்ப்பூவோடு புவனத்துக்கு வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டு நாகம்மா உள்ளே வந்தாள். அவள் புருஷன் கனகசுந்தரம் இப்போது இராணுவப் போலீசுக்கு மொழிபெயர்க்கிறார், உனக்குத் தெரிந்திருக்காது. என்ன டீச்சர், காலமையே பிள்ளைக்குச் சாப்பாடோ, இண்டைக்கு என்ன நாளெண்டு தெரியாதோ, தகப்பன் செத்த வீட்டிலே இப்படியும் நடக்குமோ என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். கண் சிரிக்கவில்லை.

புவனம் பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். எனக்குப் பசிக்கேல்லை மாமி, அப்பாவுக்கு வைச்சிட்டுத்தான் சாப்பிடுவன் என்றாள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாகம்மா எழுந்து போகவில்லை. பார்த்துவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அரிசி ஒரு பிடி இருந்தது. ஊரில் இந்த நாளுக்கென்றே சமைக்கிற காத்தோட்டிக்காய்க்கு இங்கே எங்கே போவது? வேலியில் காய்த்த பாகற்காயைச் சமைத்தேன். மத்தியானம் இலை போட்டு, தண்ணீர் வைத்து, உயிரோடு கிழங்கு நட்டுக்கொண்டிருக்கிற மனிதருக்கு என் கையால் படைத்தேன். புவனம் ஒரு பிடி சோற்றை வெளியே கொண்டுபோய்க் காகத்தைக் கூப்பிட்டாள். போகும்போது நாகம்மா, தாய்க்காரி இன்னும் ஏன் வந்து எட்டிப்பார்க்கேல்லை, பினாங்கிலே பொட்டோடதான் திரியிறாவோ என்று கேட்டாள். அடுத்த மாதம் வருவாள் என்றேன்.

கதவைச் சாத்திய பிறகு பிள்ளையை மடியில் இருத்தி, கெட்டிக்காரி, நல்லாய்ச் சமாளித்தாய் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்து மெல்லக் கேட்டாள்: பெரியம்மா, அப்பாவுக்குப் பாகற்காய் பிடிக்காதே, சாப்பிட்டிருப்பாரோ?

குணவதி, அவள் நடிக்கவில்லை. நம்பிவிட்டாள்.

ஐந்து வயதில் எழுத்து, ஏழில் வாய்ப்பாடு, பத்தில் பூமிசாஸ்திரம் என்று ஆசிரியர் கல்லூரியில் எங்களுக்கு ஒழுங்கு சொல்லித் தந்தார்கள். இப்போது நேற்றுக் கற்ற ஜப்பானிய எழுத்தை இன்று வகுப்பில் கற்பிக்கிறேன். அதற்கும் வயது குறித்து மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது. உன் அப்பா இருக்கிறார் என்று ஒரு பிள்ளைக்கு எந்த வயதில் சொல்லலாம் என்று மட்டும் எங்கும் எழுதியில்லை. பாகற்காயைப் பற்றி அவள் கேட்டபோதே சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவள் முகம் மலர்ந்துவிடும். மலர்ந்த முகத்தை மறைக்க ஆறு வயதில் யாருக்கும் தெரியாது. நாகம்மா எதிர் வீட்டில் இருக்கிறாள். ஆகையால் சொல்லவில்லை. நீ என்னை வெறுத்தாலும் சரி, அவள் முகத்தை அவளே காக்கும் வயது வரும்வரை, அல்லது இந்தக் காலம் போகும்வரை, சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

இதில் நீயும் எனக்குத் துணை நிற்க வேண்டும். ரயில் நிலையத்தில் கனகசுந்தரம் தினமும் நிற்கிறார். நீ வெள்ளைச் சேலையில் வா. நெற்றியை வெறுமையாக வைத்துக்கொள். தாலிக்கொடியை நம்பிக்கையான கையில் அங்கேயே கொடுத்துவிட்டு வா. இதை எழுத எனக்கு என்ன பாடு என்று உனக்குத் தெரியும். புவனம் ஓடிவந்து உன் நெற்றியைத்தான் முதலில் பார்ப்பாள். அழுவாள். அவளை அணைத்துக்கொள், அழவிடு. அவள் காதருகே உன் வாய் போகும்போது மட்டும், தங்கச்சி, பல்லைக் கடித்துக்கொள்.

பூவும் பொட்டுமாக நீ நெடுநாள் வாழ வேண்டுமென்று முருகனை இரந்து நிற்கும்

உன் அக்கா
ஞானாம்பிகை