கார் நம்பர் கேட்கும் பள்ளி

மலைமேல் படிக்கும் எங்கள் மகாராணிக்கு,

உன் பள்ளியின் பெருமை எதில் இருக்கிறது என்று ஞாயிறன்று கண்டுபிடித்துவிட்டேன். பாடத்தில் இல்லை, ஆகாயத்தை இடிக்கும் அந்தக் கேட்டில்!

கார் நம்பரை நோட்டில் எழுதினால்தான் உள்ளே விடுவார்களாம். ஆரணியிலிருந்து நாங்கள் வந்த பஸ்ஸின் நம்பரை எழுதினேன்.

"டிரைவரு எங்க?" என்றான் காவலாளி.

"மிச்சம் அம்பது பேரை எறக்கிவுடப் பூட்டாருப்பா" என்றேன். சிரிக்கத் தெரியாத ஜென்மம், நோட்டைப் பிடுங்கிக்கொண்டது.

தறியை நிறுத்திவிட்டு வந்த உன் அம்மா மூன்று மணி நேரம் வெயிலில் நின்றாள். வராந்தாவில் தோழிகளோடு போன ஒருத்தி, எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அது நீ இல்லை என்று அம்மாவிடம் சத்தியம் செய்தேன். வாழ்நாளெல்லாம் புளுகியிருக்கிறேன், அவள் நம்பாத முதல் புளுகு இதுதான்.

உன் தாய்மாமன்