நாலாவதாக வந்தவளின் சாட்சி

இன்று காலையும் பாஸ்டரம்மா வந்து, "சுகம் நெலைக்கணும்" என்று சொல்லி என் முட்டியில் ஜெப எண்ணெய் தேய்த்துவிட்டுப் போனார். வீடு முழுக்க ஒலிவ எண்ணெய் வாசனை. உனக்கு அது பிடிக்காது. "கொழம்பு தாளிக்கக்கூட ஆவாதுடி" என்பாய். நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிவிட்டது. இருந்தாலும் உன்னிடம் மட்டும்தான் இதைச் சொல்ல முடிகிறது: என் கால் ஆறவில்லை.

கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறும் ரோட்டில் விடியற்காலையில் கூட்டாளிகள் நாம் இரண்டு பேரும் ஓடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் முதல் வளைவைத் தாண்டும்போது நீ கீழே யாரோடாவது பேசிக்கொண்டு நிற்பாய். நானூறு மீட்டரில் எனக்கு முதலிடம், உனக்கு நாலாவது. பதக்கத்துக்கு ஒரு இடம் தள்ளியே நிற்பதில் உனக்கு அப்படி என்ன பிடிவாதமோ. ஜெயித்த ஒவ்வொரு முறையும் ஞாயிறு ஆராதனையில் எழுந்து, ஆண்டவர்தான் ஜெயிக்க வைத்தார் என்று சாட்சி சொல்வேன். சபையே கைதட்டும். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கையால் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அப்படி ஒரு ஞாயிறு, நான் சொல்லி உட்கார்ந்ததும் நீ எழுந்தாய். "நானும் ஓடுனேங்க. நாலாவதா வந்தேன். ஸ்தோத்திரம்." சபை சிரித்தது. முதலில் சிரித்தவள் நான்தான். வெளியே வந்ததும், "இன்னாடி, மானத்த வாங்குற?" என்று பாய்ந்தேன். நீ செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாய்: "ஜெயிச்சவ மட்டுந்தான் ஸ்தோத்திரம் சொல்லணுமா? நாலாவதா வந்தவ இன்னா, வேற சாமிக்கா ஓடுனா?" அடுத்த ஒரு வாரம் உன்னைக் கூப்பிடாமல் தனியாகவே ஓடப் போனேன்.

போன மாதம் முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது. இனி ஓடவே கூடாது என்று கள்ளக்குறிச்சியில் டாக்டர் சொன்னார். சபையார் அதை ஏற்கவில்லை. மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, எனக்காகப் பட்டினி கிடந்தவர்கள். அந்த ஞாயிறு பாஸ்டர் ஐயா, "சிஸ்டர், சாட்சி சொல்லுங்க" என்றார். எழுந்து அத்தனை முகங்களையும் பார்த்தேன். "வலி போயிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டேன். அல்லேலூயா சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது.

அன்றைக்கு மாட்டிக்கொண்டவள்தான். இப்போது தெருவில் நொண்டக் கூடாது. பஸ் ஸ்டாண்டில் சபைக்காரர் யாராவது தென்பட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடக்கிறேன். "எப்போ ஓடப் போற?" என்று எல்லோரும் கேட்கிறார்கள், அம்மாவும்தான். அதனால் வீட்டுக்குள்ளும் நேராகவே நடக்கிறேன். தனியாக ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் திறப்பதில்லை. பதக்கம் இல்லாமல் ஆண்டவர் முன்னால் நான் ஒருநாளும் போய் நின்றதில்லை. வெறும் என்னை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று பயமாக இருக்கிறது.

நீ கடைசியாக மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது உன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சுகம் கேட்கிறாயாக்கும் என்று நினைத்து, "இன்னாடி கேக்குற அவருகிட்ட?" என்றேன். "ஒண்ணும் கேக்கல. சும்மா பேசிக்கினு இருக்கேன்" என்றாய்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பதிலும், அன்று உன்னைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பும்தான். இரண்டையும் சுமந்துகொண்டுதான் திரிகிறேன்.

நாளை ஞாயிறு. நொண்டிக்கொண்டேதான் சபைக்குள் போகப் போகிறேன். உன் தைரியம் எனக்கு வந்துவிடவில்லை. வலிக்கிறது, அவ்வளவுதான்.