நரிக்காட்டு வாசல்

டர்ஹாம், எல்லர்பி தோட்டம்
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கத்பர்ட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் சுகம், கறுப்புப் பசு சுகம், எல்லர்பி துரையின் நரிகளும் பரம சுகம். நீயும் சுகம் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை என் கண்ணாலேயே பார்த்தேனே. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டால் பெற்றவளுக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்தாயா? நடை பழகிய நாளிலிருந்து இடது காலை வீசி வைப்பவன் நீ.

அன்று நீ தலையைக் குனிந்துகொண்டே நின்றாய், அதனால் நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மிச்சத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

நிலக்கரி வண்டிப் பாதைக்கு அளவெடுப்பவர்களோடு சேர்ந்து நீ அப்பாவிடம் சண்டை போட்டுப் போன பிறகு, துரைக்கு வெறி முற்றிவிட்டது. தண்டவாளம் வந்தால் வேட்டைக் குதிரை இடறுமாம், நரி குட்டி போடாதாம். வேட்டைக்கென்று நரி வளர்க்கிற அந்த நரிக்காட்டு வாசலில் உன் அப்பாவைத் துப்பாக்கியோடு நிறுத்தினார். "அளவுச் சங்கிலியோட எவன் வந்தாலும் கால்ல சுடு, ஹெஸ்லாப். ஒருத்தன் உள்ள போனாலும் நீ வீட்டைக் காலி பண்ணிக்க" என்று ஊர் கேட்கச் சொன்னார். காவல் வேலையோடு வந்த வீடு இது, வேலை போனால் கூரையும் போகும். நரிக்கு இருக்கிற பாதுகாப்பு நமக்கு இல்லை.

வியாழன் இந்தப் பருவத்தின் முதல் வேட்டை. அப்பாவுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நாய்கள் குரைத்துக்கொண்டு பாய்ந்தன, பின்னால் குதிரைகள், அதற்கும் பின்னால் கொல்லரும் தையல்காரரும் சேற்றில் விழுந்தடித்து ஓடினார்கள். வேட்டை ஓடும்போது யார் வயல் என்று நம் ஊரில் கேட்கிற வழக்கம் ஏது? அந்தக் கூட்டத்தின் வாலில் வந்தீர்கள் நீங்கள் நாலு பேர். முகம் ஒல்லி, வயிறு மட்டும் பீப்பாய். ஒருவன் அடி வைக்க வைக்கக் கோட்டுக்குள் ஏதோ கிலுங்கியது.

அப்பா கதவைச் சாத்தித் துப்பாக்கியைத் தூக்கினார். "நில்லுங்கடா" என்றார். அடுத்த நொடி அவர் பார்வை உன் இடது காலில் விழுந்தது. அவர் முகம் மாவாக வெளுத்துப்போனது. என் கையிலிருந்த மூட்டை சேற்றில் விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. சுட்டால் பிள்ளை, விட்டால் வீடு.

அப்போதுதானே ஓடையில் பின்தங்கிய துரை குதிரையை விரட்டிக்கொண்டு வந்தார். "வேட்டைக்கு வந்தவங்களையா மறிக்கிற? புத்தி பேதலிச்சுப் போச்சா உனக்கு? கதவைத் திறய்யா, நரி போயிடும்" என்று கத்தினார். "இவங்க யாருன்னு பாத்துட்டு..." என்று அப்பா இழுத்தார். "யாரா இருந்தா என்ன? எங்கப்பா காலத்துலேர்ந்து மறிச்சதில்ல. திற" என்றார் துரை. "உத்தரவுங்க துரை" என்று அப்பா இரண்டு கதவையும் அகலத் திறந்தார். துரை உங்களுக்குத் தொப்பியைத் தொட்டு மரியாதை வேறு செய்துவிட்டுப் போனார்.

நரிக்காடு முழுக்க அளந்து படம் போட்டாகிவிட்டது என்று நேற்றுச் சந்தையில் கேள்விப்பட்டுத் துரை நம் வீட்டு வாசலுக்கே வந்தார். எவன் திறந்துவிட்டது என்று குதித்தார். "நீங்க சொல்லித்தான் திறந்தேன், துரை. மறிச்சதுக்கு எனக்குத் திட்டு விழுந்துச்சு" என்றார் அப்பா. அப்பாவை வேலையைவிட்டு நீக்கினால் ஏன் என்று ஊர் கேட்கும், சொன்னால் வேட்டைக்கூட்டமே சிரிக்கும். "இனிமே நானே சொன்னாலும் திறக்காத" என்று உறுமிவிட்டுப் போனார். நான் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. பட்டாணிக் களியைக் கிளறிக்கொண்டே இருந்துவிட்டு, "அவன் பூட்ஸ் பிஞ்சு தொங்குதே, பாத்தியா?" என்றார். நீ போன பிறகு அவர் உன்னைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அதுதான். இன்று காலை தன்னுடைய நல்ல பூட்ஸுக்குக் கொழுப்புத் தடவி அடுப்போரம் வைத்திருக்கிறார். அவருக்கு அது எப்போதும் ஒரு விரல் பெரிது, உனக்குச் சரியாக இருக்கும்.

புதன்கிழமை பாதைக்கு முளை அடிக்க வருவீர்களாம், ஊரெல்லாம் அதே பேச்சு. அப்பா வாசலில் நிற்பார், துப்பாக்கியை நீட்டுவார், துரைக்குக் கேட்கிற மாதிரி உன்னைக் கன்னாபின்னாவென்று திட்டுவார். நீ ஓடாதே, வேலி ஏறிக் குதிக்காதே. தொப்பியைக் கழற்றிவிட்டு நேரே அவரிடம் போ, மகனே. அவர் துப்பாக்கியில் அடைக்கிற வெடிமருந்துக் கொம்பு நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் அதை எடுத்துப் போவதே இல்லை.

கர்த்தர் உன் கால்களைக் காக்கட்டும்.

உன் அம்மா,
ஹன்னா ஹெஸ்லாப்