பெட்டிமேல் வைத்த விதைநெல்

ஏங்க, நீடாமங்கலம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். புளிக்குழம்பு அடுப்பில் இருக்கிறது.

பாப்பாவின் போட்டோ எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் ஹார்டு டிஸ்க் பெட்டியிலிருந்து டிவியில் ஏன் படம் வரவில்லை என்று தெரிந்துவிட்டது. பெட்டி சூடாக இருக்கிறதென்று, முளைப்பு பார்க்க விதைநெல்லை ஈரத்துணியில் கட்டி அதன்மேல் வைத்திருக்கிறீர்கள். தண்ணீர் வடிந்து, வயர் சொருகும் இடம் நனைந்திருக்கிறது. எல்லா வயரையும் பிடுங்கி, ஃபேன் அடியில் காயவைத்திருக்கிறேன். இன்றைக்குச் சொருகாதீர்கள்.

நேற்று நீங்கள் வயரை மாற்றி மாற்றிச் சொருகியபோது, "வயல விட்டா உங்களுக்கு என்ன தெரியும்?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டீர்கள். எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

வானதி

துணியைப் பிரித்தேன், முளை எட்டிப் பார்க்கிறது. மறுபடி கட்டி, குழம்புச் சட்டி பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்தச் சூடு போதுமா, எனக்குத் தெரியவில்லை. நீங்களே பாருங்கள்.