ஊதாத சங்கு

அன்பு மகளே,

கலகக்காரர்களோடு ஆற்றைத் தாண்டிப் போன அன்று, என்னைச் "சங்கூதி" என்று திட்டிவிட்டுப் போனாய். அதன் பிறகும் அந்தி சாய்ந்ததும் கோபுரம் ஏறி, இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றி ஊரடங்குச் சங்கை ஊதியவன் நான்தான். சங்கு ஊதிய பிறகு தெருவில் நிற்பவர்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள், சட்டம் அப்படி. காலம் வரட்டும் என்று நான் காத்திருந்தேன். உன் அம்மா எப்போதும்போல "நமக்கேன் வம்பு" என்பாள்.

இன்று மேலே போனால் கைப்பிடியைக் காணோம்!

அதிகாரி மூச்சிரைக்க ஏறி வந்தார். "ஊதித் தொலைய்யா! ஊரே தெருவுல நிக்குது."

"கைப்பிடி இல்லாம வாயாலயா ஊதுறது?" என்றேன்.

"எல்லாரையும் பிடிச்சு உள்ள போடுங்கடா!" என்று கீழே பார்த்துக் கத்தினார்.

"சங்கே ஊதலையே ஐயா, எந்தச் சட்டத்துல பிடிக்கிறது?" என்றான் ஒரு காவலன். அவன் பெண்டாட்டியும் கூட்டத்தில்தான் நின்றாள்.

பிறகுதான் தெரிந்தது: மத்தியானம் கோபுரத்தடிக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த உன் அம்மா, நான் சாப்பிடும் நேரத்தில் மேலே ஏறிக் கைப்பிடியைக் கழற்றி, பையில் போட்டுக்கொண்டு போய் ஆற்றில் எறிந்திருக்கிறாள்.

"உனக்கு ஏதுடி இவ்வளவு தைரியம்?" என்று கேட்டேன்.

"தைரியமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நம்ம பொண்ணு வந்தா இருட்டுனப்புறம்தானே வருவா? அப்ப தெரு திறந்திருக்க வேண்டாமா?"

நாளை புதுக் கைப்பிடி வரும். வரட்டும், சுற்றுவதற்கு ஆள் வேண்டுமே!

இதை வீட்டுக்குள் இருந்து எழுதவில்லை, கண்ணு. இருட்டிய பிறகு, நடுத்தெருவில், விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் அப்பா,
பழைய சங்கூதி